குங்குமம் விழாத படம்

அத்தியாயம் 7

“நெகட்டிவைக் காட்ட முடியாது சார். போலீஸுக்கே பிரிண்ட்தான் குடுத்தேன்” என்று கவுண்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார் போட்டோ ஸ்டூடியோ வீராசாமி.

திருப்பதியில் சன்னதித் தெருவை ஒட்டிய சந்தில் அவர் கடை. மலையேறி முடி இறக்கிவிட்டு வருகிறவர்கள் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் இடம். சுவர் முழுக்க மொட்டைத் தலைகள். பெரிய மொட்டை, சின்ன மொட்டை, அழுகிற மொட்டை.

“மொட்டைத் தலையில வெயில் அடிக்கறதைக்கூட அழகா எடுத்து வெச்சிருக்கீங்க. உங்களுக்கு எதுக்குங்க பயம்?” என்றேன் நான்.

நான் துலுக்காணம். துப்பறியும் கோவர்த்தனன் அண்ணாவின் கையாள், டிரைவர், சமையல்காரன், சமயத்தில் அவருக்கு வாய். அண்ணா பேச்சில் கஞ்சன். அதற்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்திராஜ் சித்தூரில் போட்டோகிராபர். எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. எந்த ஊர் ஆந்திரம், எந்த ஊர் மெட்ராஸ் என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் மனு மேல் மனு போட்டார்கள். ஒரு கமிட்டி, மனுவோடு வைக்க மலைகளின் படம் கேட்டது. அதற்காக எத்திராஜ் புத்தூர் பக்கத்தில் இருக்கும் மாமனார் கன்னையாவின் ஊருக்குப் போனான். மனைவி தாட்சாயணியும் அப்போது அப்பன் வீட்டில்தான் இருந்தாள். படம் எடுத்துவிட்டு அவன் அப்படியே பஸ் ஏறிவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள், பாறையடியில் பிணமாகக் கிடந்த அவனைக் கண்டார்கள். பக்கத்தில் அவன் காமிராப் பை.

கால் வழுக்கி விழுந்தான் என்று எழுதிப் போலீஸ் முடித்துவிட்டது. பையையும் வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. பையில் இருந்த ரோலைக் கழுவியபோதுதான் வினை பிடித்தது. கடைசிப் படத்தில் தாட்சாயணி நிற்கிறாள். வெள்ளைச் சேலை. நெற்றியில் பொட்டு இல்லை.

எத்திராஜின் தாய் சுந்தரம்மா மாரில் அடித்துக்கொண்டாள். “எம்புள்ள செத்த சேதி ஊருக்கு வரதுக்கு முந்தியே இவ வெள்ள கட்டிக்கினு, நெத்திய அழிச்சிக்கினு நிக்கறாளே! இந்தப் படத்த எவன்டி எடுத்தான்?”

இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. ரோல் பிணத்தோடு கிடந்தது. அப்படியென்றால் பிணம் அகப்படுவதற்கு முன்பே எடுத்த படம். அப்போதே அவள் விதவைக் கோலத்தில் நின்றிருந்தால், புருஷன் செத்தது அவளுக்குத் தெரியும். எடுத்தவன் வேறொருத்தன். வழுக்கி விழுந்த கேஸ் கொலைக் கேஸ் ஆகிவிட்டது. தாட்சாயணி ஜாமீனில் இருக்கிறாள். திங்கட்கிழமை சித்தூர் கோர்ட்டில் விசாரணை.

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “செவப்புக் கூரைச் சேலை கட்டிக்கினு இருந்தேன். நெத்தியில குங்குமம் இருந்துச்சு. எடுத்தது அவருதான்.” யார் நம்புவார்கள்? படம் கையில் இருக்கிறது, படம் பொய் சொல்லுமா?

கன்னையா எங்களைத் தேடி வந்து அண்ணாவின் காலில் விழுந்தார். “எம்பொண்ண மட்டும் காப்பாத்துங்க சாமி” என்றார்.

அண்ணா பிரிண்டைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். “துலுக்காணம், கால் விரலைப் பாரு” என்றார்.

“மெட்டி!”

“நெத்திய அழிச்சவ மெட்டியை ஏன் வுட்டா?”

அந்த மெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் சித்தூரிலிருந்து திருப்பதி வந்தோம். இங்கே வீராசாமி கதவுக்குக் குறுக்கே கட்டில் போட்ட மாதிரி நிற்கிறார்.

“நெகட்டிவை வுடுங்க” என்றார் அண்ணா. “எத்திராஜ் காமிரா சதுரமாப் படம் எடுக்கும். உங்க பிரிண்டு நீட்டமா இருக்கு. மீதிப் படம் எங்க?”

வீராசாமியின் முகம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆனது. “ஏம் செப்பேதி சார், என்னத்தைச் சொல்றது, என் தலையெழுத்து” என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். “ரோல் கெட்டுப்போச்சு. ஆகாசம் கறுப்பா வந்துச்சு, மரமெல்லாம் வெள்ளை. மருந்தைத் தப்பாக் கலந்துட்டேன்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா இந்தத் தெருவுல எம்பேரு என்னாவும்? அதான் அந்தம்மா நிக்கற வரைக்கும் வெட்டிப் பிரிண்டு போட்டேன்.”

“முழுசாப் போடுங்க.”

போட்டார். தட்டிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்த படத்தைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. மை பூசிய ஆகாயத்தின் கீழ் மரம், செடி, புல் எல்லாம் பனி கொட்டிய மாதிரி வெளுத்திருந்தன. நடுவில் பாறை ஓரமாகத் தாட்சாயணி.

“அண்ணா, இது புத்தூரா, காஷ்மீரா?”

அண்ணா சிரித்தார். இந்தக் கேஸ் எடுத்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. “இன்ஃப்ரா ரெட். சிவப்பையும் தாண்டி ஒரு வெளிச்சம் இருக்குது. நம்ம கண்ணுக்கு எட்டாது, இந்த ஃபிலிமுக்கு எட்டும். பச்சை எலை அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும், அதனால வெள்ளை. தூரத்து மலை மேல படியற மூட்டமும் இதுக்கு மறைக்காது. அதுக்காகத்தான் எத்திராஜ் மெட்ராஸ்ல சொல்லி வாங்கியிருக்கான். மருந்து கெடலை வீராசாமி. நீங்க ரொம்ப நல்லாத்தான் கழுவியிருக்கீங்க.”

வீராசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?” என்றேன்.

“யுத்தத்துல பர்மா பார்டர்ல ஏரோப்ளேன் படங்களை ஒட்டிக்கினு இருந்தேனே, அங்க பாத்தது.”

“அப்போ செவப்புச் சேலையும் குங்குமமும்கூட வெளுத்துடுமா?”

“மரத்தைப் பத்தித்தான் எனக்குத் தெரியும். பர்மாவுல எவன் குங்குமம் வெச்சிக்கினு நின்னான்? எடுத்துத்தான் பாக்கணும். எத்திராஜ் பையில பிரிக்காத ரோல் ஒண்ணு இருக்குது. அது ஒண்ணுதான்.”

பேசிக்கொண்டே அவர் பூதக்கண்ணாடியைப் படத்தின் வலது மூலைக்குக் கொண்டுபோனார். வெள்ளை மரங்களுக்கு அடியில் தரையில் ஒரு கறுத்த திட்டு. “இது என்ன?”

“கறை சார். அந்த எடத்துல மருந்து சரியாப் படல.”

அண்ணா படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். கிளம்பும்போது திரும்பி நின்றார். “ரோலைக் கொண்டாந்து குடுத்தது யாரு?”

“கன்னையாகாருதான். பத்தாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட வந்தாரு. ‘கடைசியில எம்பொண்ணு படம் இருக்குது, பத்திரமாக் கழுவுங்க’ன்னாரு. கழுவி முடியற வரைக்கும் அந்த பெஞ்சிலயே உக்காந்துக்கினு இருந்தாரு பாவம், அழுதுக்கினே.”

“பாவம் மனுஷன்” என்றேன். அண்ணா மட்டும் அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

*

மறுநாள் காலை கன்னையாவின் வீட்டு வாசலில் நின்றோம். தாட்சாயணி வெளியே வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். சாயம் போன சேலை, வெறும் கழுத்து. அவளிடம் இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, அண்ணாவே கேட்டார்.

“அம்மா, அந்தக் கூரைச் சேலையை இன்னொரு தரம் கட்டிக்கணும். அதே குங்குமத்தை வெச்சிக்கணும். அதே எடத்துல நிக்கணும். ஒரு படம் எடுத்தாப் போதும்.”

கன்னையா பதறிப்போனார். “சாமி, பத்தாம் நாளு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. மறுபடி எப்படி சாமி? ஊரு காறித் துப்பும்.”

“ஊரு இப்பவும் துப்பிக்கினுதானே நைனா இருக்குது” என்றாள் அவள். “கட்டிக்கறேண்ணா.”

உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நேரமாயிற்று. வந்து நின்றபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். எந்த இழவு வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன் நான். அன்றைக்குக் காமிராப் பையின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சிவப்புச் சேலை, நெற்றியில் குங்குமம். வளையல் மட்டும் இல்லை, அதை உடைத்துவிட்டார்களே. கண்ணாடி பார்க்கவில்லையாம், ஆனாலும் பொட்டு நேராக நடு நெற்றியில் இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

“இங்கயே, வாசல்லயே எடுத்துடுங்க சாமி. அவ்ளோ தூரம் எதுக்கு?” என்றார் கன்னையா.

“அதே எடம், அதே வெயில். இல்லன்னா கோர்ட்டு ஒத்துக்காது.”

பாறை, ஊருக்கு வெளியே கன்னையாவின் வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டி இருந்தது. அதற்குப் பின்னால் புங்க மரங்கள். வீராசாமியிடம் இரவல் வாங்கிய காமிராவில், லென்ஸுக்கு முன்னால் எத்திராஜ் பையில் இருந்த சிவப்பு வடிகட்டிக் கண்ணாடியை மாட்டினார் அண்ணா. வெளிச்சம் படாமல் ரோலைப் போட என்னைக் கம்பளியால் மூடினார்கள். உள்ளே வேர்த்துக் கொட்டியது. “எல்லைக் கமிட்டிக்காரங்க பாத்தா, எவனோ ராஜ்ஜியத்தைத் திருடி மூட்டை கட்டறான்னு புடிச்சிக்கினு போவப்போறாங்க” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

அண்ணா புங்க மரத்தடிக்கு நடந்துபோனார். ஓரிடத்தில் அவர் செருப்பு மண்ணில் புதைந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்து உதிர்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கன்னையா வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மகளை அந்தக் கோலத்தில் பார்க்க எந்த அப்பனால் முடியும்?

“அன்னிக்குப் படம் எடுத்ததை வீட்டுல சொன்னியாம்மா?” என்று கேட்டுக்கொண்டே அண்ணா காமிராவைத் திருப்பினார்.

“இல்லண்ணா, கூச்சம். ஃபிலிமுல கடைசி ஒண்ணு மிச்சம் இருக்குது, கூரைச் சேலை கட்டிக்கினு வாடின்னு கூட்டாரு. நாலு வருசம் கழிச்சி கூரைச் சேலையில போட்டோவுக்கு நின்னேன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு, எடுத்ததும் ஓடியாந்து அவுத்து வெச்சுட்டேன். அவரு அப்படியே பஸ்ஸுக்குப் போறேன்னாரு.”

“நைனாகிட்டகூட சொல்லலையா?”

“நைனாகிட்டப் போயி எப்படிண்ணா சொல்லுவேன்? போலீஸ்ல கேட்டப்போதான் வாயத் தெறந்தேன்.”

அண்ணா பட்டனை அழுத்தினார்.

*

அன்றைக்கே எல்லோரும் திருப்பதிக்கு வந்தோம். தாட்சாயணி சேலையை மாற்றிக்கொண்டு பொட்டை அழித்திருந்தாள். நெற்றியில் இலேசாகச் செம்மை மட்டும் மிச்சமிருந்தது. அப்பனும் மகளும் முன் அறை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருட்டறையில் நாங்கள் மூவரும்.

“நடுவுல ஒரு தரம் பச்சை விளக்கு போட்டு, எவ்ளோ ஏறியிருக்குதுன்னு பாத்துக்கறது என் வழக்கம்” என்றார் வீராசாமி.

“போட்டீங்கன்னா இந்த ரோல் புகை படிஞ்ச மாதிரி கெட்டுப் போயிடும். போன தடவை எப்படிப் போடாம வுட்டீங்க?”

“அன்னிக்கு கரண்டு இல்ல சார்.”

கரண்டு இல்லாததால் பிழைத்த ரோல் அது! நான் எதற்கும் இருக்கட்டும் என்று பச்சை விளக்கிலிருந்து பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வழக்கம் என்பது பொல்லாதது, கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடும். போகத்தான் செய்தது. இருட்டில் ‘டிக்’ என்று கேட்டது. விளக்கு எரியவில்லை.

“அய்யய்யோ” என்றார் வீராசாமி.

“பல்பு எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க” என்றேன்.

கழுவிக் காயவைத்துப் பிரிண்ட் போடும்போது இருவரையும் உள்ளே கூப்பிட்டோம். காகிதத்துக்கான மங்கல் விளக்கில், தட்டில் மருந்துக்கு அடியில் படம் மெல்ல ஏறியது. முதலில் கறுத்த ஆகாயம். பிறகு பாறை. மரங்கள் வெள்ளையாகவே நின்றுவிட்டன. பிறகு அவள் வந்தாள். இன்று காலை எங்கள் கண் முன்னால் சிவப்புச் சேலையில் நின்றவள், படத்தில் வெள்ளைச் சேலையில் நின்றாள். பொட்டு இருந்த இடம் வெறும் நெற்றி.

“தேவுடா!” என்றார் வீராசாமி.

தாட்சாயணியின் விரல் அவள் நெற்றிக்குப் போனது. செம்மை ஒட்டிய விரலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். “நான் பொய் சொல்லல” என்றாள். பிறகு அழுதாள். “நான் பொய் சொல்லல நைனா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நம்மதான் ஏதாச்சும் சாபக்கேடா நின்னுட்டமோன்னு.”

“முடிஞ்சுது கேஸ்!” என்று நான் குதித்தேன். “திங்கக்கெழமை இன்ஸ்பெக்டர் மூஞ்சியும் இந்த மரம் மாதிரி வெளுக்கும் பாருங்க. வீராசாமி, காபி சொல்லுங்க.”

அண்ணாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. எத்திராஜ் எடுத்த முழுப்படத்தை எடுத்து, புதுப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

“வீராசாமி, உங்க கறை புதுப் படத்துல இல்ல. அங்க வெறும் மண்ணுதான் இருக்குது. சுத்தி புல்லு, சரியா அந்தத் திட்டு இருந்த அளவுக்கு மட்டும் மண்ணு. மருந்துக் கறை அப்படிப் பொருந்துமா?”

“அப்போ கறுப்பா இருந்தது என்ன சார்?”

“வெட்டின தழை. யுத்தத்துல பீரங்கி மேல கெளைய வெட்டிப் போட்டு மூடி வெப்பாங்க. பாக்கறவன் கண்ணுக்குப் பச்சைக் காடு. இந்த ஃபிலிமுல பாத்தா வெள்ளைக் காட்டுக்கு நடுவுல கறுப்பாக் காட்டிக் குடுத்துடும். செடியை வுட்டு அறுந்த தழை கண்ணுக்கு ரெண்டு நாள் பச்சையா இருக்கும். ஃபிலிமுக்கு அது செத்ததுதான்.” அண்ணா குரலைத் தாழ்த்தினார். “புங்க மரத்தடியில தழையால மூடின குழி ஒண்ணு இருந்திருக்கு. இப்ப தூர்த்திருக்காங்க, மண்ணு இன்னும் இறுகல. நெழலுக்காக எத்திராஜ் அந்த வழியாத்தான் நடந்திருப்பான்.”

அண்ணா திரும்பினார்.

“பெரியவரே, கடைசியில உங்க பொண்ணு படம் இருக்குதுன்னு வீராசாமிகிட்ட சொன்னீங்களே. அதை உங்களுக்கு யாரு சொன்னது?”

வேண்டாம் அண்ணா, விட்டுவிடுங்கள் என்று கத்த நினைத்தேன். மகள் சொல்லவில்லை. அங்கே வேறு யாரும் இல்லை. எத்திராஜ் ஒருத்தன்தான் சொல்லியிருக்க முடியும்.

கன்னையா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பன்னிக்கு வெட்டினேன் சாமி” என்றார். “கொல்லையில ஒரு செடி மிஞ்சல. மாப்பிள்ளை வரதுக்கு மொதநாளுதான் வெட்டித் தழை போட்டேன். பக்கத்து மரத்துல செவப்புத் துணி கட்டினேன் சாமி, சத்தியமாக் கட்டினேன். செவப்புத் துணி கட்டியிருந்தா அடியில குழி இருக்குதுன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை டவுன்காரரு. சாமிக்கு வேண்டிக்கினு கட்டினதுன்னு நெனச்சிருப்பாரு. அவரு கெளம்பினதுக்கு மறுநாள் காலையில பன்னி வுழுந்துச்சான்னு பாக்கப் போறேன்…”

துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“உசிரு இருந்துச்சு சாமி. தோள்ல போட்டுக்கினு ரோட்டுக்கு ஓடினேன். பாறையண்ட வரும்போது, ‘மாமா, பையில ரோல் இருக்குது. கடைசியில தாட்சாயணி படம். கழுவச் சொல்லுங்க’ன்னாரு. அப்புறம் பேச்சில்ல. அங்கயே எறக்கினேன். பயம் வந்து புடிச்சிக்கிச்சு. பையக் கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டு வூட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். சாவும்போது அவரு கேட்டது அது ஒண்ணுதான். அத மட்டும் செஞ்சேன். அதுவே எம்பொண்ணு கழுத்துக்கு வந்துடுச்சு. நீங்க அவளக் காப்பாத்திட்டா, நானும் பேசாம இருந்துடலாம்னு நெனச்சேன். கோழை சாமி நான்.”

தாட்சாயணி சுவரில் சாய்ந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். மிக மெதுவாகத்தான் பேசினாள்.

“அன்னிக்குக் காலையில கூழு ஊத்தும்மான்னு கேட்டியே நைனா. நான் ஊத்தினேன். நீ துன்ன. துன்னுட்டு, ‘மாப்பிள்ளை இந்நேரம் ஊரு போய்ச் சேந்திருப்பாரு இல்ல’ன்னு என்னையே கேட்ட.”

கன்னையா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முழங்காலால் நகர்ந்து வந்து, மேஜை விளிம்பைப் பிடித்துப் படத்தை எட்டிப் பார்த்தார். “துணி தெரியுதா சாமி? அதுல நான் கட்டின துணி தெரியுதா?”

அண்ணா பூதக்கண்ணாடியை வைத்து அந்த மரத்தை ஒவ்வொரு கிளையாகத் தேடினார். எல்லாம் வெள்ளை. இலையும் வெள்ளை, இடையில் துணி இருந்தால் அதுவும் வெள்ளை.

“செவப்பு இதுல விழாது பெரியவரே” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அண்ணாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனேன். “அண்ணா, வெள்ளை மரமும் பொண்ணும் தெரிஞ்சாப் போதும், அவ விடுதலை. அந்த மூலை எதுக்கு? வீராசாமி ஏற்கெனவே ஒரு தரம் வெட்டினவரு. கத்தி மேஜை மேலதான் இருக்குது.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்க் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோவர்த்தனன் அண்ணா ஒரு நிமிஷம் தயங்கினார், அதை நான் பார்த்தேன். வீராசாமியும் எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார். தாட்சாயணி, வெட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“வெட்டாதீங்க சாமி” என்றார் கன்னையா. “ஒரு வாட்டி வெட்டினதுல எம்பொண்ணு கொலைகாரின்னு நின்னா. இன்னொரு வாட்டி வெட்டினா, அந்த மூலையில என்னா இருந்துச்சுன்னு எவனாச்சும் திரும்ப அவளத்தான் கேப்பான். முழுசாக் குடுங்க. நான் வந்து சொல்லிடறேன்.”

“குழி வெட்டினது பன்னிக்குன்னும், தோள்ல போட்டுக்கினு ஓடினீங்கன்னும் கோர்ட்டுல நானும் சொல்றேன்” என்றார் அண்ணா. அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்?

முழுப்படங்கள் இரண்டையும் உறையில் போட்டார்கள். வீராசாமி அலமாரியைத் திறந்து வர்ணப் பெட்டியையும் மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்தார். எத்திராஜ் எடுத்த படத்தின் இன்னொரு பிரிண்டைத் தாட்சாயணியின் முன்னால் வைத்தார்.

“அம்மா, எல்லாம் நான் வெட்டினதுல வந்தது. என்னால ஆனது இதுதான். பொட்டு வெச்சுத் தரேன். சேலைக்கும் செவப்பு ஏத்திடறேன். அசல் மாதிரியே இருக்கும்.”

அவள் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வெள்ளைக் காட்டுக்கு முன்னால் வெள்ளைச் சேலையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிரில் நின்றவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அதுவரைக்கும் எங்களில் யாருமே கவனிக்கவில்லை.

“வேணாண்ணா” என்றாள். “அவரு பாக்கும்போது செவப்பாத்தான் இருந்துச்சு.”

படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

சித்தூர் பஸ்ஸில் கன்னையா கடைசி வரிசையில் ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். தாட்சாயணி முன்னால் பெண்கள் சீட்டில் இருந்தாள். திரும்பியே பார்க்கவில்லை. ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் எழுந்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து, அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

என் சட்டைப் பையில் வீராசாமியின் பல்பு இன்னும் இருந்தது. பஸ் ஆடும்போதெல்லாம் அது உடைந்துவிடாமல் இருக்க, சித்தூர் வரைக்கும் கையால் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.